நீறு கழுவிய உமையாள் அம்மையார்

செம்புக் கம்பியைச் சூடேற்றி, அது அறுந்து போகும்வரை காத்திருப்பதே உமையாள் அம்மையாரின் வேலை. கம்பி என்றால் துணி உலர்த்தும் கம்பி அல்ல. சிப்புக்குள் மின்சாரம் ஓடுவதற்காகப் போடும், கண்ணுக்கே தெரியாத செம்புக் கோடுகள். மின்சாரம் ஓட ஓட, செம்பின் அணுக்கள் இம்மி இம்மியாகத் தள்ளப்பட்டு ஓரிடத்தில் பள்ளம் விழும், கோடு அறும். பல ஆண்டுகளில் நடக்கப்போவதை அம்மையார் அடுப்பில் வைத்துச் சில வாரங்களில் கண்டு சொல்லிவிடுவார். சென்னைக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒன்றைச் செய்கிறவர்களுக்குத்தான் மாலை மரியாதை எல்லாம். உடைவதைப் பார்த்து எழுதுகிறவரை யார் கொண்டாடுவார்கள்? 'அபசகுனம் அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும், தெரியாததுபோல இருந்துவிடுவார்.

அவர் குடியிருந்த தெருவில் ஒரு சிறிய சிவன் கோயில். விடிந்ததும் உழவாரத்தோடு போய்ப் பிரகாரத்துப் புல்லைச் செதுக்குவார். பிறகு நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். ஆனால் செம்புக் கோடு போடும் அறைக்குள் தூசி ஆகாது. பவுடர், மை, பொட்டு எதுவும் கூடாது. அதனால் வாசலிலேயே நீற்றைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். எத்தனை வருடம் ஆனாலும் கழுவும்போது அவர் மனம் ஆறியதே இல்லை.

ஒரு சமயம், இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவிக்கான சிப்பு ஒன்று சோதனைக்கு வந்தது. அந்தச் சிப்பைச் செய்யும் அதே முறையில் கூடத்திலேயே கோடுகள் போட்டு அம்மையார் அடுப்பில் வைத்தார். சில கோடுகள் வெகு சீக்கிரத்தில் அறுந்துவிட்டன. மனிதர் நெஞ்சுக்குள் போகப்போகிற பொருளாயிற்றே என்று அம்மையார் துடித்துப்போனார். கூடத்தின் தலைவர் தண்டபாணிக்கு வேறு கவலை. சிப்பு தேறிவிடும் என்று அதை அனுப்பியவர்களுக்கு அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்க திருநீறுதான் விழுந்திருக்கும். அப்படின்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க, விஷயம் முடிஞ்சுது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மையாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எம்பெருமான் நீறு ஒரு உசுருக்கும் கேடு செய்யாது. அறுந்ததையெல்லாம் வெட்டிப் பாத்துருவோம். நீறு இருந்தா நானே என் கையால எழுதித் தர்றேன்."

மின்னணு நுண்ணோக்கியின் முன் தனியாக உட்கார்ந்தார். துண்டுக்குத் துண்டு ஒரே கதைதான். ஒரு கோடு இன்னொன்றோடு சேரும் இடத்தில் செம்பு விலகிப் பள்ளம் விழுந்திருந்தது. செய்முறையிலேயே பிழை, நீற்றின் சுவடே இல்லை. அப்பாடா என்று கடைசித் துண்டை வைத்தார். அதில் பள்ளம் இல்லை. சாம்பல் துகள் ஒன்று செம்பை அரித்திருந்தது. கழுவியதற்குத் தப்பி, கூந்தலுக்குள் தங்கிய நீறு உள்ளே வந்திருக்கிறது.

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. இந்த ஒன்றை விட்டுவிட்டால் பெருமானுக்கும் பழி இல்லை, சிப்பும் வெளியே போகாமல் நின்றுவிடும். எழுதினாலோ, இதையே சாக்காக வைத்து மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள். முகம் தெரியாத யாருடைய நெஞ்சுக்குள்ளோ அந்தச் சிப்பு ஏறிவிடும். உட்கார்ந்து அழுதார். அழுது முடித்தபோது, நான் ஒரு பொய் சொல்லித்தான் பெருமான் பெயர் நிற்க வேண்டுமா என்று தோன்றியது. கடைசித் துண்டு அறுந்தது என் நீற்றால், மற்றவை செய்முறைப் பிழையால் என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்.

தண்டபாணி படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியாதே. எதுக்கும்மா எழுதுனீங்க?"

"இருந்துச்சு. எழுதினேன்."

தண்டபாணி அதை மறுபடி ஒருமுறை படித்தார். "தனக்கு எதிராவே எழுதறவங்க மத்ததுல பொய் எழுதமாட்டாங்க" என்று சொல்லி, அந்தச் சிப்பை நிறுத்திவைத்தார். வாக்குத் தவறினோம் என்ற பெயரையும் அவரே வாங்கிக்கொண்டார். மனிதர் அன்று மனிதராக நடந்துகொண்டார்.

கேலி மட்டும் ஓயவில்லை. "சாமியே கம்பிய அறுத்துட்டாரு" என்றார்கள். அதை அம்மையார் தாங்கிக்கொண்டார். என் ஐயனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேனே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை உழவாரத்தோடு வந்தவர், கோயில் வாசலைத் தாண்டக் கால் வராமல் தெருவிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து சபேச குருக்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார். "நல்ல வேளை வந்தேள்! சுவாமிக்கு விபூதி இட்டா நிக்கவே மாட்டேங்கறதும்மா. இட இட உதிர்ந்துடறது. வெறும் நெத்தியோட நிக்கறார், வந்து பாருங்கோ!"

அம்மையார் ஓடினார். இலிங்கத் திருமேனியில் ஒரு கீற்று நீறு இல்லை. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அடியவள் சொன்ன சாட்சியைப் பெருமான் ஏற்றுக்கொண்டார். ஆமாம், அந்தக் கம்பியை அறுத்தது என் நீறுதான் என்று தாமே அதைக் களைந்து நின்றார்.

"எம்மேல கோவம் இல்லையா அப்பா?" என்று கேட்டு, விழுந்து அழுதார்.

குருக்கள் மறுபடி விபூதியை எடுத்து இட்டார். இம்முறை அது நின்றது.

இறைவனுக்காகக்கூடப் பொய் சொல்லாத உமையாள் அம்மையாரின் அன்பு பெரிது. அதில் ஒரு துளி நமக்கும் வாய்க்கட்டும்.