அட்டைப்பெட்டி மெஷின்

“மெஷின்ல ஒரு குறையும் இல்ல மேடம். ஜனங்கதான் திரையில இருக்கிறதைப் படிக்க மாட்டேங்கிறாங்க,” என்றார் பூவராகன்.

பேராசிரியர் இமெல்டா இடது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பேச்சு அவரை யோசிக்க வைத்துவிட்டது என்று பூவராகன் எண்ணினார்.

பூவராகனுக்கு நாற்பத்துமூன்று வயது. மென்பொருள் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனிதரும் கணினியும் பழகும் விதம் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தார். இமெல்டா அவரைவிடப் பத்து வயது இளையவர். பாடம் நடத்தும்போதும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார். வகுப்பு சிரிக்கும்.

படிப்பை முடிப்பதற்காகப் பூவராகன் செய்தது, ஆஸ்பத்திரி வாசலில் வைக்கும் ஒரு தொடுதிரை மெஷின். அது கேட்பதற்கெல்லாம் பதில் கொடுத்தால், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டு தரும். சோதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சீட்டு வாங்காமலே போய்விட்டார்கள்.

“ஒரு அம்மா மெஷினுக்குப் பின்னால போய், யாராவது இருக்காங்களான்னு எட்டிப் பார்த்தாங்க மேடம்.”

“இருந்தாங்களா?”

“மேடம்.”

“சரி, சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை வைவா தேர்வு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் உள்ளே விடுவாங்க. இதை விட்டா அடுத்த வருஷம். என் பொண்ணு வைதேகி பிளஸ் டூ. யார் முதல்ல பாஸ் பண்றதுன்னு வீட்டுல பந்தயம்.”

“தோத்தா?”

“ஒரு வருஷம் கார்ல வைதேகி சொல்ற பாட்டுதான்.”

“ரொம்பக் கஷ்டம்தான்,” என்று இமெல்டா எழுந்தார்.

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு பிரிட்ஜ் வந்திருந்தது. அது வந்த அட்டைப்பெட்டி மூலையில் நின்றது. இமெல்டா அதில் முகம் தெரியும் உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டினார். உள்ளே ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

“உட்காருங்க சார். நீங்கதான் மெஷின்.”

“இது முதல் வருஷப் பசங்களோட பயிற்சி மேடம்.”

“அன்னைக்கு நீங்க லீவு.”

பூவராகன் பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்து உள்ளே நுழைந்தார். பெட்டி ஒருமுறை ஆடி நின்றது.

“உங்க மெஷின் என்ன சொல்லுமோ அதை மட்டும் சொல்லணும்,” என்றார் இமெல்டா. “நான் சீட்டு வாங்கிட்டா கையெழுத்து. நடுவுல வேற ஏதாவது பேசினீங்கன்னா அடுத்த வருஷம்.”

“என் மெஷின் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

“வணக்கம் சொல்லுங்க.”

“வணக்கம். பதிவு எண்ணை உள்ளிடவும்.”

“பல் வலிக்குது.”

“தவறான உள்ளீடு.”

“காலையில இருந்து வலிக்குது.”

“தவறான உள்ளீடு.”

மேடம் நன்றாக நடிக்கிறார் என்று பூவராகனுக்குச் சிரிப்பு வந்தது. மெஷின் சிரிக்காது. அடக்கிக்கொண்டார்.

“எனக்குப் பதிவு எண்ணே கிடையாதே.”

“எண் இல்லாதவர்கள் வலது கீழ் மூலையைத் தொடவும்.”

இமெல்டா குனிந்து பெட்டியின் மூலையைத் தொட்டார். குனிந்தபோது முகம் சுருங்கியது.

“பெயரை உள்ளிடவும்.”

“இமெல்டா.”

“தந்தை அல்லது கணவர் பெயரை உள்ளிடவும்.”

“வலி எனக்கு. அவருக்கு இல்ல.”

“தவறான உள்ளீடு.”

“அவர் தூத்துக்குடியில நல்லாத்தான் இருக்கார்.”

“நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும்.”

இமெல்டா கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம்,” என்றது மெஷின்.

இரண்டாவது முறை அவர் கணவர் பெயரை ஒழுங்காகச் சொன்னார். கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டது மெஷின். ஒரு கை கன்னத்தில் இருந்ததால், மறு கையால் பையைத் துழாவினார். கைபேசி மேசைமேல் இருந்தது. எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அதைச் சொல்லப் பூவராகனுக்குக் கொஞ்சம் வாய் தயங்கியது. சொன்னார்.

“வணக்கம்,” என்றார் மறுபடியும். இந்த முறை குரல் இறங்கியிருந்தது.

மூன்றாவது முறை எல்லாம் சரியாக நடந்தது. மூலை, பெயர், கணவர், கைபேசிக்கு வந்த எண். ஒன்றுதான் பாக்கி.

“பிரிவின் பெயர் வரும்போது தொடவும்,” என்றார் பூவராகன். பெட்டிக்குள் வியர்த்தது. வெள்ளிக்கிழமை அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பிரிவுகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“இதயம்.”

இமெல்டா காத்திருந்தார்.

“எலும்பு.”

இமெல்டா கன்னத்திலிருந்து கையை எடுத்தார். தொடுவதற்குத் தயாராக விரலை நீட்டிக்கொண்டார். உள்ளே ஒரு கொட்டைப்பாக்கை அடக்கியது போல இடது கன்னம் வீங்கியிருந்தது.

பூவராகன் பார்த்தார்.

“கண்,” என்றார்.

இமெல்டாவின் கண்ணோரத்தில் நீர் கோத்திருந்தது. அவர் துடைக்கவில்லை. விரலை நீட்டியபடியே நின்றார்.

“காது.”

இன்னும் குடல் வர வேண்டும். சிறுநீரகம் வர வேண்டும். தோல், நரம்பு, நுரையீரல். அதற்கப்புறம்தான் ப.

மெஷின் நின்றுவிட்டது.

“அடுத்தது?” என்றார் இமெல்டா.

“மேடம், நிஜமாவே வலிக்குதா?”

“அந்தக் கேள்வி உங்க மெஷின்ல இல்ல.”

“தெரியும்.”

“இன்னும் கொஞ்சம் படிச்சா பல் வந்துடும் சார். கையெழுத்துப் போடப் பேனாவும் இருக்கு.”

“வைதேகி பாட்டு ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல மேடம்,” என்றார் பூவராகன். கைபேசி விளக்கைப் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினார். “எந்தப் பல்லு?”

இமெல்டா ஜன்னலருகே குனிந்து, வாயைத் திறந்தார்.