மதய்க்கு மூன்று விதிகள்

செங்கமலம் நூலக மாடிக்கு ஏறி வந்தபோது மதியம் மூன்று மணி. தேர்வு நடத்தியவர்கள் வெளியிட்ட உத்தேச விடைகளில் பிழை இருந்தால் ஆட்சேபணை தெரிவிக்க அன்று ஐந்து மணிதான் கெடு. அவள் அதற்கு வரவில்லை. சந்தேகம் கேட்க வந்திருந்தாள்.

மாடியில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ரீசனிங் சொல்லித் தருபவள் நிலோபர். வயது இருபத்தைந்து. செங்கமலத்துக்கு நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அவள் எழுதியிருந்தது அலுவலக உதவியாளர் தேர்வு. மறுபடி எழுத வயது வரம்பு இடம் தராது. தேற அறுபது சரியாக இருக்க வேண்டும். உத்தேச விடைகளோடு ஒப்பிட்டால் அவளுக்கு ஐம்பத்தொன்பது.

"டீச்சர், நாற்பத்தேழாவது கேள்வி. நான் எங்க சறுக்கினேன்னு சொல்லுங்க."

நிலோபர் வினாத்தாளை வாங்கிப் படித்தாள். மரம் என்பது யலய் என்றால், படம் என்பது என்ன? கீழே நான்கு விடைகள்: மணய், மதய், மநய், மறய்.

"நீங்க எதைப் போட்டீங்கக்கா?"

"மணய்."

"எப்படி?"

"எல்லா எழுத்துக்கும் அடுத்த எழுத்து. ம-வுக்கு அடுத்தது ய. ர-வுக்கு அடுத்தது ல. அப்ப ப-வுக்கு ம, ட-வுக்கு ண, கடைசியில ய்."

"சரி."

"எங்க சரி? அவங்க மதய்னு போட்டிருக்காங்களே."

பக்கத்து மேசையிலிருந்து ஸ்டெல்லா தலையைத் தூக்கினாள். அவளும் அங்கே படிக்கிறவள்தான். "அக்கா, அவங்க தப்புக்கா! எழுதிப் போடாம இங்க வந்து பாடம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க!"

"சும்மா இரு புள்ள. காரணம் இல்லாமயா போடுவாங்க?" செங்கமலம் நோட்டைப் பிரித்தாள். "மூணு நாளா யோசிச்சு மூணு விதி கண்டுபிடிச்சிருக்கேன் டீச்சர். முதல் விதி, நடு எழுத்து மட்டும் ரெண்டு தாண்டணும். ட, ண, த. வந்துடுச்சா?"

"மரத்துல நடு எழுத்து ஒண்ணுதானே தாண்டுது?"

"அதுக்குத்தான் ரெண்டாவது விதி. மரத்துக்கு உயிர் இருக்கு. படத்துக்கு இல்லை. உயிர் இல்லாததுக்கு நடுவுல ரெண்டு. மூணாவது விதி, ஓரத்து எழுத்துக்கு மட்டும் எப்பவும் ஒண்ணுதான்."

ஸ்டெல்லா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நிலோபர் சிரிக்கவில்லை.

"அவங்க அவங்கன்னு சொல்றீங்களே, யாருக்கா?"

"தெரியாது டீச்சர். பெரியவங்க."

கேள்வி எழுதியவரின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. பதில் எழுதியவளிடம் மட்டும் பதிவெண், புகைப்படம், கட்டைவிரல் ரேகை எல்லாம் வாங்கியிருந்தார்கள்.

"உங்க சாம்பாரை யாராவது ருசி பார்ப்பாங்களா?" என்று கேட்டாள் நிலோபர்.

"ஆய்வுக்கு வர்ற அம்மா பார்ப்பாங்க. போன மாசம் உப்பு இல்லைன்னாங்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

"இன்னொரு கை போட்டேன்."

"புள்ளைங்க?"

செங்கமலம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடுச்சுங்க."

நிலோபர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் மநய் என்று எழுதினாள்.

"அவங்க இதைத்தான் சரின்னு போட்டிருக்காங்கன்னு வச்சுக்குங்க. எப்படி வருது?"

செங்கமலம் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். விரல் விட்டு எண்ணினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "நடு எழுத்து மூணு தாண்டுது. ஏன்னா படம்ங்கிறதுல மூணு எழுத்து இருக்கு!"

"மரத்துலயும் மூணு எழுத்துதான்."

"அது... மரம் மண்ணுல இருக்கு, படம் சுவத்துல இருக்கு."

நிலோபர் அதை அழித்துவிட்டு மறய் என்று எழுதினாள். "சரி, இதுதான்னு வச்சுக்குங்க."

இந்த முறை எண்ண நேரமானது. "பன்னெண்டு தாண்டுது டீச்சர். பன்னெண்டு... காலண்டர்ல மாசத்துக்கு ஒரு படம், மொத்தம் பன்னெண்டு..."

பாதியில் நிறுத்தினாள். பலகையைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஸ்டெல்லாவும் சேர்ந்துகொண்டாள். நூலகர் கீழேயிருந்து "உஷ்" என்று கத்தினார்.

சிரிப்பு அடங்கியதும் நிலோபர் கேட்டாள்.

"மதய்க்கு எத்தனை விதிக்கா?"

"மூணு."

"மணய்க்கு?"

"அது ஒண்ணுதான். எல்லாத்துக்கும் அடுத்த எழுத்து."

நிலோபர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

மணி நாலேகால். ஸ்டெல்லா ஓடிப்போய் நூலகக் கணினியில் ஆட்சேபணைப் பக்கத்தைத் திறந்தாள். பதிவெண் கேட்டது, செங்கமலம் பார்க்காமலே சொன்னாள். கேள்வி எண் கேட்டது. அதன் கீழே காரணம் என்று ஒரு கட்டம், காலியாக.

"சொல்லுங்கக்கா, அடிக்கிறேன்."

செங்கமலம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள். பிறகு திரும்பி நிலோபரைப் பார்த்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன் வேண்டிக்கொள்வதுன்னு ஆரம்பிக்கவா டீச்சர்?"

"வேண்டாம்."

"சிறியவள் தவறாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும்னு?"

"அதுவும் வேண்டாம்."

"பின்ன எப்படித்தான் ஆரம்பிக்கிறது?"

"ம-வுக்கு அடுத்தது ய-ன்னு ஆரம்பிங்கக்கா."