முதுகு காட்டும் கல்

ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம் அது. கரைக்குக் கரை கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள். அந்தக் காலத்தில் கூர்வேலன் என்று ஒரு ராஜா இருந்தான். கொட்டாவி விடுகிறவர்கள் விட்டு முடித்துவிட்டுக் கேளுங்கள், அவசரமில்லை.

அவனுக்குச் சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். பூனை குடித்துப் பிழைத்த பிறகுதான் பாலைத் தொடுவான். மந்திரி சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்பான்; சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாய் என்பான். சுவரில் முதுகை ஒட்டாமல் எங்கேயும் உட்காரமாட்டான். பெற்ற பிள்ளைக்குக்கூட முதுகைக் காட்டியதில்லை. பாவம், ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பானா என்பது என் சந்தேகம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். போரில் மார்பில் காயம் பட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவார்கள். முதுகில் பட்டிருந்தால் அவன் பயந்து ஓடினவன். அவனுக்குக் கல் கிடையாது. அவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் வெண்கொற்றன் என்ற வீரனின் உடலைக் கூட்டாளிகள் மூன்று பேர் சுமந்து வந்து அரண்மனை வாசலில் இறக்கினார்கள்.

"புரட்டுங்கள்" என்றான் ராஜா.

புரட்டினார்கள். மார்பில் ஒரு கீறல்கூட இல்லை. முதுகெல்லாம் அம்பு.

"எதிரி துரத்தி வந்தான் ராஜா, ஆற்றில் வெள்ளம்" என்றான் முதல் வீரன். "அக்கரையில் கயிறு கட்டியிருந்த மரம் சாய்ந்துவிட்டது. வெண்கொற்றன் கயிற்றைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு அங்கேயே நின்றான். நாங்கள் மூவரும் கடந்து வந்தோம். அவன் நின்றபடியே செத்தான். அதே கயிற்றால்தான் அவனை இக்கரைக்கு இழுத்தோம்."

இரண்டாமவனும் அதையே சொன்னான். மூன்றாமவனும் அதையே சொன்னான்.

"மூன்று பேரும் ஒரே மாதிரி சொல்கிறீர்களே, வழியில் பேசி வைத்துக்கொண்டீர்களா?" என்றான் ராஜா. மாற்றிச் சொல்லியிருந்தால் ஏன் மாறுகிறது என்று கேட்டிருப்பான். அவனிடம் எப்படித்தான் தப்புவது?

"வீரன் என்றால் எதிரியைப் பார்த்துக்கொண்டே கயிற்றைப் பிடித்திருக்கலாமே" என்றான் மறுபடியும்.

வெண்கொற்றனின் மனைவி நல்லாள் உடலருகே உட்கார்ந்து வேப்பங்குழையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நிறைமாதக்காரி. "கல் நடாவிட்டாலும் போகிறது ராஜா" என்றாள். "ஓடினவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு என் பிள்ளையை ஊர் அந்தப் பெயரில்தான் கூப்பிடும்."

ராஜா யோசித்தான். "நானே பிடித்துப் பார்க்கிறேன். எதிரியைப் பார்த்தபடி பிடிக்க முடிந்தால் இவன் கோழைதான்."

எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். உடலையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரி அதற்குள் திரும்பிப் போயிருந்தான். கயிற்றின் ஒரு முனையில் சுருக்குப் போட்டு, அக்கரையில் சாயாமல் நின்ற வேறொரு மரத்தில் வீசி மாட்டினார்கள். மறுமுனையை ராஜா இடுப்பில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். முடிச்சுப் போடவில்லை, ஆற்றுக்குள் இழுத்துவிடுவார்களோ என்று அதிலும் சந்தேகம். மூன்று வீரர்களும் கயிற்றைப் பற்றி வெள்ளத்தில் இறங்கினார்கள்.

ராஜா முதலில் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான். கயிறு இழுத்த இழுப்பில் சேற்றில் மல்லாந்து விழுந்தான். சிரிக்க யாருக்குத் தைரியம்? அடுத்து பக்கவாட்டில் நின்றான். கால் வழுக்கியது. மூன்றாவதாக ஆற்றைப் பார்த்துத் திரும்பி, பாறையில் காலை உதைத்து நின்றான். கயிறு விறைத்து நின்றது. வீரர்கள் நடு ஆற்றுக்குப் போனார்கள்.

இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லை. மந்திரி நின்றான், வேல் பிடித்த காவலர்கள் நின்றார்கள், ஊரே நின்றது. ராஜாவுக்கு முதுகு கூசியது. மந்திரி என்ன செய்கிறான்? காவலன் வேலை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறான்? அப்போது பின்னால் சரசரவென்று ஒரு சத்தம்.

ராஜா கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான்.

யாரும் அசையவில்லை. நல்லாள் மட்டும் புருஷன் உடலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வேப்பங்குழை சத்தம்தான் அது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ராஜா, கயிறு" என்றாள்.

மூன்று பேரையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. கீழே வளைவில் நாணல் புதர் தடுத்தது. ஊரார் குதித்து இழுத்துப் போட்டார்கள். பிழைத்தது நாணலின் புண்ணியம், ராஜாவின் புண்ணியம் இல்லை.

ராஜா கயிற்றை விட்ட தன் கையைப் பார்த்தான். பிறகு நல்லாளிடம் சொன்னான்: "என் பின்னால் இருந்தது வேப்பங்குழை. அதற்கே திரும்பிவிட்டேன். அவன் பின்னால் அம்பு வந்துகொண்டே இருந்தது அம்மா. அவன் திரும்பவில்லை."

வெண்கொற்றனின் உடலைத் தானே ஒரு பக்கம் தோளில் ஏந்தினான். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஆற்றங்கரையில் கல் நட்டார்கள். மற்ற கற்களில் வீரன் மார்பைக் காட்டி நிற்பான். இதில் முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நிற்கிறான். முதுகில் அம்புகளைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்கள். நல்லாளுக்குப் பெண் பிறந்தது. கயிறு பிடித்தவர் மகள் என்றுதான் அவளை ஊர் கூப்பிட்டது. ராஜா பாலை மட்டும் கடைசிவரை பூனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடித்தான், அது கிடக்கட்டும்.

ஆகையால், ஒருவனுக்குக் காயம் எந்தப் பக்கம் பட்டது என்று பார்க்காமல், யாரைக் காப்பாற்றும்போது பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.