நாற்பத்தொரு குறைகள்

வரதராஜன் ஏழு மாதமாக ஒரு காரை விற்றுக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, ஏறினால் தரையோடு தரையாக உட்கார வேண்டும். கோயம்புத்தூரில் இதுபோல வேறொன்று கிடையாது என்பார். அது உண்மைதான். இதுபோல ஒழுகுவதும் வேறொன்று கிடையாது.

விற்க வேண்டிய காரணம் வீட்டுக்குள் இருந்தது. அவர் மனைவி ஜலஜாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சக்கர நாற்காலிதான். நாற்காலி வெளியே இறங்கப் படிக்கட்டின் மேல் ஒரு சரிவு கட்ட வேண்டும். கட்ட வேண்டிய இடத்தில், போர்ட்டிகோவில், கார் நின்றது. ரோட்டில் நிறுத்தலாமே என்று கேட்டால், நாய் ஏறிப் படுக்கும் என்பார். கார் போன மறுநாளே கொத்தனார் வருவார் என்றும் சொல்வார். பிசியோதெரபிக்குப் போகிற நாளில் பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் வந்து ஜலஜாவை நாற்காலியோடு தூக்குவார்கள். மற்ற நாளெல்லாம் அவருக்கு ஜன்னல்தான்.

வியாழக்கிழமைகளில் வரதராஜன் குருவைப் பார்க்கப் போவார். குருவின் பெயர் சிவகாமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், வரதராஜனைவிடப் பத்து வயது சின்னவர். சீடர்கள் அவரை அம்மா என்பார்கள். அவர் வரதராஜனை அண்ணா என்பார். இதில் யார் பெரியவர் என்ற குழப்பம் அங்கே யாருக்கும் வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, சீடர்கள் கூடியிருந்த கூடத்தில் வரதராஜன் எழுந்து நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகமுங்க. உண்மை பேசறவன் ஏன் தோத்துப் போறான்?"

"என்னாச்சுங்கண்ணா?"

"காரைப் பார்க்கப் பதினெட்டுப் பேர் வந்தாங்க. ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் மறைக்கலை. ஊர்ல மீட்டரைத் திருப்பி வெச்சு, மேலால பெயின்ட் அடிச்சு, 'சின்னச் சின்ன வேலைதாங்க இருக்குது'ன்னு சொல்லி ஒரே நாள்ல தள்ளிவிட்டுடறாங்க. நான் உள்ளதை உள்ளபடி சொல்றேன். பதினெட்டுப் பேரும் போயிட்டாங்க. நானும் பொய் சொல்லட்டுங்களா?"

கூடத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் கலிகாலம் என்றார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

வரதராஜன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இரண்டு பக்கமும் டைப் அடித்து லேமினேட் செய்த தாள். நம்பர் போட்டு நாற்பத்தொரு குறைகள். ரேடியேட்டரில் ஒழுக்கு. இரண்டாவது கியர் விழாது. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கும். மேல்துணியில் மூன்று கிழிசல். இப்படிப் போய், நாற்பத்தொன்றாவதாக: இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, ஓட்டுகிறவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும்.

குரு ஒன்று விடாமல் படித்தார். படித்துவிட்டுத் தாளை லேசாக வளைத்துப் பார்த்தார்.

"லேமினேஷன் எதுக்குங்கண்ணா?"

"நிறையப் பேர் கை படும். கிழிஞ்சிடுமில்லைங்க."

"ஒருத்தர் வாங்கத்தானே போறார்?"

குரு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அடுத்த ஆள் எப்ப வர்றார்?"

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குங்க."

"நானும் வர்றேன். ஜலஜாவைப் பார்த்து நாளாச்சு."

ஞாயிற்றுக்கிழமை குரு வந்து ஜலஜாவின் பக்கத்தில், ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போர்ட்டிகோ. பேசினால் எல்லாம் காதில் விழும். ஜலஜா ஒரு கையாலேயே காபியை ஆற்றிக் கொடுத்தார். குரு உதவிக்குப் போகவில்லை.

பத்து மணிக்கு ஒரு பைக் வந்து வாசலில் ஆளை இறக்கிவிட்டுப் போனது. பெயர் திருமூர்த்தி, உடுமலைப்பேட்டையில் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருப்பவன், முப்பத்தைந்து வயது இருக்கும். வந்தவன் வணக்கம் சொன்ன கையோடு குனிந்து காருக்கு அடியில் தலையை விட்டுவிட்டான்.

வரதராஜன் தாளைக் கொடுத்தார். அவன் எழுந்து உட்கார்ந்து படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. வரதராஜனுக்கு அது பழக்கமில்லாத காட்சி.

"ரேடியேட்டர் ஒழுகுது தம்பி."

"நானே பத்த வெச்சு அடைச்சுக்குவேனுங்க."

"ரெண்டாவது கியர்..."

"பல் தேஞ்சிருக்கும். புதுசா வெட்டிப் போட்டுக்கலாம்."

"எதுக்கும் ஸ்பேர் கிடைக்காது. சொல்லிட்டேன்."

"கிடைக்காதுன்னுதானுங்க சார் லேத்தே வெச்சிருக்கேன்." அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். "இதெல்லாம் குறை இல்லீங்க சார். எனக்கு ஒரு வருஷத்துக்கு ஞாயித்துக்கிழமை வேலை."

ஏழு மாதமாகத் தேடிய ஆள் எதிரே உட்கார்ந்திருந்தான்.

திருமூர்த்தி இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தான். இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். தோல் அங்கே மட்டும் வழவழவென்று பளபளத்தது.

"இந்தக் கதவை மட்டும் முதல்ல சரி பண்ணிடணுமுங்க. வீட்டுக்காரி உக்காருவா."

வரதராஜன் இரண்டடி முன்னால் வந்தார்.

"தம்பி, லிஸ்ட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னங்க சார்?"

"இன்ஜின் பிளாக்குல விரிசல் இருக்குது."

திருமூர்த்தியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"விரிசலுங்களா? அப்ப இன்ஜினே போச்சுங்களே. அது ஒண்ணு என்னால ஆகாதுங்க."

கதவை மெதுவாகச் சாத்தினான். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினான்.

"சொல்லாம வித்திருக்கலாம் நீங்க. நேர்மையாச் சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க சார்."

கேட்டுக்கு வெளியே போய், கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நண்பனுக்குப் போன் செய்தான். பிறகு வெயிலில் நின்று, கேட் கம்பி வழியாகக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வரதராஜன் உள்ளே வந்தார்.

"பார்த்தீங்களாம்மா? இதோட பத்தொம்பது."

குரு கையை நீட்டினார். வரதராஜன் தாளைக் கொடுத்தார். குரு முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார்.

"விரிசல் எத்தனாவது நம்பருங்கண்ணா?"

வரதராஜன் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

ஜலஜாதான் பேசினார். நோவுக்குப் பிறகு அவர் வார்த்தைகள் நிதானமாகத்தான் வரும்.

"விரிசலெல்லாம் இல்லீங்கம்மா. ஞாயித்துக்கிழமையானா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். இன்னிக்கும் காலையில ஆறு மணிக்குப் பண்ணினார், இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு. வந்தவங்க யாருக்கும் அதைப் பண்ணிக் காட்டினதில்லை."

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

"ஏனுங்க, அந்த சீட்டுல நான் இனிமே உக்கார முடியாதுன்னு டாக்டர் உங்களையும் வெச்சுக்கிட்டுத்தானே சொன்னார்?"

வரதராஜனுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில் குருவுக்கு முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதார். முப்பது வருஷம் அந்தக் கதவை அவர்தான் சுற்றி வந்து திறந்துவிட்டிருந்தார். ஊட்டி, வால்பாறை, திருச்சூர் எல்லா இடத்திலும் ஜலஜா உள்ளே உட்கார்ந்து, அவர் வரும்வரை சிரித்துக்கொண்டு காத்திருப்பார். சரி செய்ய ஒரு மணி நேர வேலைதான். அவர் செய்யவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"இது ஒண்ணுதாங்கம்மா பொய். மத்த நாப்பத்தொண்ணும் சத்தியமா உண்மைங்க."

"ஆமாங்கண்ணா. படிச்சேன்."

"இப்ப நான் என்னங்கம்மா செய்யட்டும்?"

குரு தாளைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் காபி டம்ளரை வைத்தார். எழுந்துபோய்ச் சுவர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தத் தம்பி இன்னும் வாசல்லதான் நிக்கிறார். கூப்பிட்டு, ஸ்டார்ட் பண்ணி, விரிசல் எங்கே இருக்குதுன்னு காட்டுங்கண்ணா."