உறுமலுக்கு அடியில்

ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது. கல் வெட்டியவர்கள் விட்டுப்போன ஒரு குழி மட்டும் இருந்த ஊரில், செவந்தி என்று ஒருத்தி இருந்தாள். குழியில் தேங்கிய தண்ணீருக்குள் மைக்கை இறக்கி, அந்தச் சத்தத்தை இழுத்து நீட்டி, ஓர் உறுமலாக்கி ஸ்பீக்கரில் விடுவாள். மெட்டு இல்லை, சொல் இல்லை. பொழுது சாயும் நேரம் ஜனங்கள் குழிக்குள் இறங்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். விளம்பரம் எதுவும் கிடையாது. கேசட் கைமாறிக் கைமாறிச் சேர்ந்த கூட்டம். ஆழமான மடுவைக் குறிக்கும் கசம் என்ற சொல்தான் அந்த இசைக்குப் பேர்.

வீரபாகு அவளுடைய சீடர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ரேடியோ செட் கட்டிக்கொண்டிருந்தவர். முதல் கூட்டத்துக்குச் சும்மா கேட்க வந்தார். மறுநாள் தன் செட்டோடு வந்து சேர்ந்துகொண்டார்.

பிறகு உறுமலுக்குள் ஒரு மேளம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு சொல். அதற்கடுத்த வருஷம் செவந்தி வாய்விட்டுப் பாடவே தொடங்கிவிட்டாள். கூட்டம் கரைந்தது. கசம் வற்றிவிட்டது என்றார்கள், போனவர்கள்.

அப்படிப் போன குமரேசன் ஒருநாள் குழிக்கு மேலே டெம்போவோடு நின்றான். வீரபாகு செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால், பழைய உறுமலை வேறு இடத்தில் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு.

வீரபாகு பெட்டியைப் பூட்டினார்.

“வாத்தியாரம்மா, போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கண்ணே.”

“அந்தச் சத்தம் சுத்தமா இருந்துச்சு. அதுல ஏன் பாட்டைக் கொண்டாந்து கலந்தீங்க?”

“நான் கலக்கல.”

“பின்ன, தவளையா வந்து கலந்துச்சு?”

செவந்தி சிரித்தாள். “பெட்டியைத் திறங்க.”

“இப்பத்தான் பூட்டினேன்.”

“பூட்டுறதுலதான் நீங்க கெட்டிக்காரராச்சே. திறங்க.”

முதல் கூட்டத்தில் பதிவான கேசட்டைப் போட்டாள். குழி முழுக்க உறுமல் நிறைந்தது. வீரபாகுவின் கண்கள் தானாக மூடிக்கொண்டன.

கனத்த ஒலியை ஏற்றி இறக்கும் பாஸ் குமிழைச் செவந்தி மெல்லக் குறைத்தாள். உறுமல் தேய்ந்தது. அதற்கு அடியில் யார் யாரோ முனகினார்கள். ஒரு பெண் யார் பேரையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஓர் ஆள் யாரையோ வைதான். இன்னொருத்தி ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள்.

“இது போன வாரம் நீங்க பாடினதாச்சே!”

“அன்னிக்குக் கேக்க வந்தவங்க பாடினது. அவங்ககிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் பாடினேன். சரின்னு சொன்னவங்க இன்னும் வந்துட்டுத்தான் இருக்காங்க.”

“யாரும் வாயைத் திறந்து நான் பாக்கலையே.”

“நீங்களும் கண்ணை மூடித்தானே இருந்தீங்க.”

மேலே ஹாரன் அடித்தது. அவள் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள்.

ஓர் ஆண்குரல். தாளம் தப்பிய ஆராரோ. நடுவில் நிறுத்தி, “தூங்கிட்டியா சாமி?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஆராரோ.

வீரபாகுவின் கை பூட்டின் மேலேயே நின்றுவிட்டது. முதல் கூட்டம் நடந்த அந்த மாதம்தான், குழந்தை இறந்துபோய், அவர் வீட்டில் தொட்டிலை அவிழ்த்திருந்தார்கள். தான் அன்றைக்கு வாயைத் திறந்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை.

குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இதை மட்டும் நீங்க பாடவே இல்லையே.”

“உங்ககிட்ட இன்னும் கேக்கலையே.”

“ஏன் கேக்கல?”

“எப்பக் கேக்க வந்தாலும் வயரைச் சுத்திக்கிட்டே இருந்தீங்க.”

“பாகண்ணே! வர்றீங்களா, இல்லையா?” மேலேயிருந்து குமரேசன் கத்தினான். சற்று நேரத்தில் டெம்போ காலியாகவே கிளம்பிப் போனது.

“இப்பக் கேக்கறேண்ணே,” என்றாள் செவந்தி. “நான் பாடட்டுமா, இல்ல குமிழை மறுபடி ஏத்திடட்டுமா?”

வீரபாகு பூட்டிலிருந்து கையை எடுத்தார். குமிழைத் தொடவில்லை.

செவந்தி மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குழியை விட்டு மேலேறிப் போனாள்.