போதும் என்ற குரல்

பனிமலைக் காட்டில் நுரை என்று ஒரு வெள்ளை முயல் இருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். அவர்கள் இருந்த வளை பாதி இடிந்துபோயிருந்தது. கடுங்குளிர் வந்தால் குட்டிகள் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

அந்த மலையில் வெந்நீர் ஊற்றுள்ள குகை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை பெண் விலங்குகளுக்குப் பாய்ச்சல் போட்டி நடக்கும். வென்றவளுக்குக் குளிர்காலம் முழுக்க அந்தக் குகை. செங்குத்தான பனியில் சறுக்கி வந்து, மேட்டில் எகிறி, காற்றில் கரணம் போட்டு, கீழ்ச்சரிவில் கால் ஊன்ற வேண்டும். மூன்று காக்கைகள் மதிப்பெண் போடும்.

சுழலும்போது வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. எது மேல், எது கீழ் என்று புரியாது. அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு தோழி கீழே நின்று, சரியான நொடியில் "போதும்" என்று கத்துவாள். அது காதில் விழுந்ததும் உடம்பை விரித்துக் காலை நீட்டிவிட வேண்டும். நுரைக்குக் குரல் கொடுப்பவள் செவ்வி என்ற கௌதாரி. கரகரத்த தொண்டைதான், ஆனால் கணக்குத் தப்பாது.

போட்டிக்கு முந்தைய நாள் நுரை அவள்மேல் எரிந்து விழுந்தாள்.

"மூணு கரணம் போட்டதுமே போதும் போதும்னு கத்துறே. என்னால ஆறு போட முடியும்டி."

"போடுவே. இறங்கத்தான் மாட்டே," என்றாள் செவ்வி.

"நான் ஜெயிக்கிறது உனக்குப் பொறுக்கலை. நாளைக்கு நீ வராதே."

செவ்வி திரும்பி நடந்துவிட்டாள். முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டோமே என்று நுரைக்கு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

மறுநாள் மலையை மூடுபனி மூடியிருந்தது. போன ஆண்டும் இப்படித்தான். அன்று பாய்ந்த வெள்ளை நரி மூடுபனிக்குள் போனாள், இறங்கவில்லை. பனியில் பள்ளமும் இல்லை, காலடியும் இல்லை. அந்தப் பக்கம் இறங்கி ஓடியிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கம் வெறும் பாறைச் சுவர். ஆனால் அதற்குமேல் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூடுபனிக்கு அஞ்சி மற்றவர்கள் விலகிவிட, பாய மிஞ்சியது இருவர்தான். முதலில் பாய்ந்தவள் மின்னி என்ற மரநாய். மேலே காத்திருந்த நுரைக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. காதுக்குத்தான் கேட்டது. "மூணு... நாலு... அஞ்சு..." என்று கூட்டம் எண்ணியது. மின்னியின் தோழி "போதும், போதும்" என்று கதறியது அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. கைதட்டல் எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக நின்றது. கால் ஊன்றும் சத்தம் மட்டும் வரவேயில்லை.

"அடுத்தது," என்றது காக்கை.

அவள் அஞ்சு என்றால் நமக்கு ஆறு வேண்டும். நுரை அதை மட்டும்தான் நினைத்தாள். சறுக்கினாள், எகிறினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. உடம்பில் கனமே இல்லை. அப்போது காதோரம் ஒரு குரல் கொஞ்சியது. "என்ன அழகு! இன்னும் ஒண்ணு போடு."

நான்காவது சுற்றில் நுரை அவளைப் பார்த்தாள். வெள்ளை நரி பக்கத்திலேயே சுழன்றுகொண்டிருந்தாள். மீசையிலும் இமையிலும் ஓராண்டுப் பனி உறைந்திருந்தது. அவளுக்கு அப்பால் மின்னியும் சுழன்றாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை.

"நான் இறங்கணுமே," என்றாள் நுரை.

"எதுக்கு? கீழே உன்னை யாரு கூப்பிடுறா?"

நுரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கைதட்டல் கேட்டது. "இன்னும், இன்னும்" என்ற கூச்சல் கேட்டது. கூப்பிடும் குரல் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒருத்தியையும் நானே விரட்டிவிட்டேனே என்று நினைத்தாள். குட்டிகளின் முகம் வந்தது. ஐந்தாவது சுற்று தொடங்கிவிட்டது. அதை அவள் சுற்றவில்லை, ஏதோ அவளைச் சுற்றியது.

எங்கோ கீழே ஒரு கரகரத்த தொண்டை அலறியது.

"போதும்டி நுரை! போதும்!"

நுரை உடம்பை விரித்தாள். சில்லென்று ஒரு பாதம் அவள் வாலைப் பற்றியது. வால் மயிரில் ஒரு கொத்து அந்தப் பிடியிலேயே தங்கிவிட்டது. தொப்பென்று விழுந்தாள், உருண்டாள், மூக்குக்குள் பனி ஏறியது. ஆனால் அடியில் தரை இருந்தது.

செவ்வி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வராதேன்னு சொன்னேனேடி."

"சொன்னே. நான் காதுல போட்டுக்கலை."

நுரை அவள் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

காக்கைகள் கூடிப் பேசின. "எகிறினது சுமார். கரணம் நாலரை. இறங்கினது அலங்கோலம்," என்றது நடுக்காக்கை. "ஆனா இன்னைக்கு இறங்கினவ இவ ஒருத்திதான். குகை இவளுக்கே."

அந்தக் குளிர்காலம் குட்டிகள் வெதுவெதுப்பாகத் தூங்கின. மூடுபனி இறங்கும் நாட்களில் மட்டும் நுரை அவற்றை வெளியே விடுவதில்லை. அன்றெல்லாம் மலைமேலிருந்து "இன்னும் ஒண்ணு" என்று கேட்கும். அன்று அவள் காதோரம் கேட்டது ஒரு குரல், இப்போது இரண்டு.

'இன்னும்' என்று ஏற்றிவிட ஊரே இருக்கும். 'போதும்' என்று இறக்கிவிட ஒருத்தி இருந்தால், அவளை விரட்டிவிடக் கூடாது.