தொண்ணூறு நொடி

“இரண்டில் எது நல்லது தாயே?” என்று பழனியாண்டி கேட்டார்.

கேட்டவருக்கு ஐம்பத்தைந்து வயது. பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் வாத்தியார். கேட்கப்பட்டவளுக்கு முப்பத்தாறு. கொல்லிமலையில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். மரகதம் என்று பெயர். அவளை விட மூத்தவர்களும் அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளாக யாரையும் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை.

“எந்த ரெண்டுல?”

அவர் விளக்கினார். பள்ளியில் இரண்டு சமாச்சாரம் வாங்கியிருக்கிறார்கள். ஒன்று, வாரம் ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் தொண்ணூறு நொடி வீடியோவில் பேசிப் பதில் அனுப்பும் ஆப். மற்றது, யார் எத்தனை முறை வந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று எண்ணி வரைபடம் போடும் மென்பொருள். அடுத்த ஆண்டுக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்வார்களாம். எதை என்று ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை இவர் தலையில் விழுந்துவிட்டது.

“அதுக்கா மலையேறி வந்தீங்க?”

அதற்கு இல்லை. அவருக்கே தெரியும்.

நவதாரணி என்று ஒரு பெண். அவர் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. பத்தொன்பது வாரமும் தவறாமல் பதில் அனுப்பியவள். வரைபடத்தில் அவள் பெயருக்கு நேரே எப்போதும் பச்சைப் புள்ளி. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். பள்ளி கொடுத்த டேப்லெட்டை மட்டும் யாரோ புதுத் துணியில் சுற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது வந்த பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. போலீசில் சொன்னார். வீடு பூட்டிக் கிடக்கிறது.

“அந்த டேப்லெட்டு இன்னும் என் பையிலதான் இருக்குதுங்க. ஆபீஸ்ல ஒப்படைக்க மனசு வரல” என்றார்.

பிறகு அழுதார். ஆண்பிள்ளை அழக்கூடாது என்று யார் சொன்னார்களோ, அவர்கள் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்க்காதவர்கள். முப்பது வருஷமாக வாத்தியாராக இருந்து என்ன பயன் என்றார். சோறு இறங்கவில்லை என்றார். தன் மகளைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

மரகதம் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஓய்ந்ததும் கோடுகளை எண்ணினாள்.

“கண்ணைத் தொடச்சது ஆறு தடவ. மூச்சு வாங்கினது பதினாலு. நான், நான்னு சொன்னது முப்பத்தொண்ணு. நல்லாப் பேசினீங்க.”

பழனியாண்டிக்குச் சுருக்கென்றது.

“நான் சொன்னதக் கேட்டீங்களா தாயே?”

“எண்ணிட்டு இருந்தேனுங்க.”

அவர் அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்றார். எண்ணுகிற மென்பொருள்தான் குற்றவாளி, அதைத் தூக்கிப் போடச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

“உக்காருங்க வாத்தியாரே. அந்தப் பொண்ணு பேசினது எல்லாம் இருக்குதா?”

“பத்தொம்பதும் இருக்குதுங்க.”

“கேட்டீங்களா?”

இருநூற்றுப்பத்துப் பிள்ளைகள் என்று ஆரம்பித்தார். ஆளுக்குத் தொண்ணூறு நொடி என்றால் வாரத்துக்கு ஐந்தேகால் மணி நேரம் ஆகிறது. அதற்காகத்தானே அந்த இன்னொன்றை வாங்கியதே. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொல்லச் சொல்ல அவர் குரல்தான் இறங்கிக்கொண்டே போனது.

“கேட்டீங்களா?”

“ஒண்ணுகூட இல்லீங்க.”

“கல்யாணம் தெரிஞ்சப்புறமும்?”

“பயமா இருந்துச்சுங்க.”

மரகதம் கையை நீட்டினாள். அவர் கைப்பேசியைக் கொடுத்தார். மலை மேலே சிக்னல் கிடைக்காது என்று கடைசியாக ஒரு நம்பிக்கை அவருக்கு இருந்தது. நன்றாகவே கிடைத்தது.

பத்தொன்பதாவது வீடியோ. அதன் கீழே ‘பார்த்தவர்கள்: 0’ என்றிருந்தது. மரகதம் அதைத் தொட்டாள்.

பள்ளிச் சீருடையில் நவதாரணி. பின்னால் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

“வெப்பம் மூணு விதமாப் பரவும் சார். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீசல்” என்றாள். திரும்பிக் கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், போன வாரமே சொன்னேன். நீங்க ஸ்டார் போட்டிருந்தீங்க. அதனால பாத்துட்டீங்கன்னு தைரியமா இருந்தேன். புதன்கெழமை கல்யாணம் சார். போனெல்லாம் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. இது பாடம்னு சொன்னதால விட்டிருக்காங்க. நீங்க வருவீங்கன்னு எங்கப்பாகிட்ட...”

தொண்ணூறு நொடி முடிந்துவிட்டது.

கீழே ஒரு நட்சத்திரம் மின்னியது. பழனியாண்டி அதைப் போடவில்லை. முழு நேரமும் பேசினால் மென்பொருளே வாத்தியார் பெயரில் போட்டுவிடும். போன ஆனியில், வேலை மிச்சம் என்று அந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் கொடுத்தது மட்டும் அவர்.

அவர் தரையில் நெற்றியை வைத்துவிட்டார்.

“எது நல்லதுன்னு இப்பக் கேளுங்க” என்றாள் மரகதம்.

அவர் கேட்கவில்லை.

வீடியோவுக்குக் கீழே ‘ஆசிரியர் பதில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பத்தொன்பது வாரமாக வெறுமனே இருந்த கட்டம். மரகதம் அதைத் தொட்டுக் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அந்தப் பொண்ணு உங்ககிட்டத்தான் கேட்டுச்சு. சொல்லுங்க.”

திரையில் நரைத்த மீசையோடு ஒரு கிழவர் தெரிந்தார். மூலையில் எண்கள் இறங்கத் தொடங்கின. எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.

“அம்மா நவதாரணி” என்றார்.

அதற்கு மேல் வாய் வரவில்லை. அறுபது ஆனது. முப்பது ஆனது. முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், திறந்தபடியே இருந்தது.

நேரம் முடிந்ததும் பதில் தானாகவே போய்ச் சேர்ந்தது.

அவருடைய பைக்குள், புதுத் துணிச் சுற்றுக்குள், அவள் டேப்லெட் மணியடித்தது.

அவர் அசையவில்லை. மறுபடி அடித்தது. எடுத்துப் பார்க்க ஆள் இல்லையென்றால், அது மூன்று தடவை அடிக்கும்.